ஊற்றுக் கணக்கு

சேலத்திலிருந்து வடகிழக்கே நோக்குவோர் கண்ணுக்கு நீலத் திரை விரித்தாற்போல் தோன்றும் சேர்வராயன் மலையின் உச்சியில், 5,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தலை குனிந்தே புக வேண்டிய ஒரு குகைக்குள், மலைக்குப் பெயர் தந்த சேர்வராயனும் அவனருகே காவிரியம்மனும் கோயில் கொண்டிருக்கிறார்கள். காவிரியோ இம்மலையை விட்டு வெகு தூரத்தில், மேட்டூரைக் கடந்து சமவெளியில் ஓடுகிறாள். ஆயினும் அவளைத் தங்கள் மலைத் தெய்வத்தோடு ஒரே குகையில் அமர்த்திய மலையாளிப் பழங்குடி மக்களின் பாவனையில் ஒரு பூகோள உண்மை பொதிந்திருக்கிறது. இம்மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியில்தான் கலக்கின்றன. மலையின் நீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பக்தியாகவே அறிந்து வைத்திருக்கும் ஜனங்களை, அம்மலையைப் பரிபாலிக்கும் விஷயத்தில் நாம் எந்தக் கட்டத்தில் அழைத்துக் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் ஆலோசிக்க வேண்டும்.

கேளாமலே காரியம் நடத்துவது இம்மலைக்குப் புதிய சம்பிரதாயம் அன்று. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காபிச் செடியைக் கொணர்ந்து இங்கே ஊன்றியதும், பின்வந்த தோட்டக்காரர்கள் காட்டைக் கழித்து எஸ்டேட்டாக்கியதும், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரம் காபிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் மலையெங்கும் பரவியதும், தலைமுறை தலைமுறையாக ஊர்க்கூட்டம் கூடி நியாயம் பேசி வாழ்ந்த மலைமக்களின் சம்மதத்தைப் பெற்று நடந்த காரியங்கள் அல்ல. காபியினால் கூலியும் சாலையும் பள்ளிக்கூடமும் வந்தன என்பதை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும். ஆனால் வந்த நன்மைக்கு என்ன விலை கொடுத்தோம் என்ற கணக்கை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அவ்விலை பிரத்தியட்சமாகத் தெரிந்தது பாக்சைட் விஷயத்தில். மேட்டூரில் 1965ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய மதராஸ் அலுமினியம் கம்பெனிக்காக இம்மலையிலும் கொல்லிமலையிலும் பல்லாண்டுக் காலம் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டது. இம்மலையின் சார்னோக்கைட் பாறை யுகயுகமாக மழையில் நனைந்து, கரையக்கூடியதெல்லாம் கரைந்து போக, எஞ்சி நின்ற செம்மண் போர்வைதான் பாக்சைட். நுண்துளைகள் நிறைந்த அந்தப் போர்வை, அறுவடைக் காலத்து நெல்லைக் குதிரில் கொட்டிக் கோடையில் படியளக்கும் குடும்பத் தலைவியைப் போல, ஐப்பசி கார்த்திகை மழையை உள்ளே வாங்கி வைத்துப் பங்குனி சித்திரையில் ஊற்று ஊற்றாக அளந்து கொடுக்கிறது. போர்வையை உரித்து விட்டால் மழை பெய்யாமற்போவதில்லை; பெய்த மழை தங்க இடமில்லாமற்போகிறது. 2008ஆம் ஆண்டளவில் மேட்டூர் ஆலையின் உலை ஓய்ந்தது. மலையை வெட்டுவதும் நின்றது. வெட்டிய இடத்தில் முன்பு எத்தனை ஊற்றுகள் இருந்தன, இன்று எத்தனை இருக்கின்றன என்று கேட்டால், எடுத்துக் காட்டுவதற்கு நம்மிடம் ஏடு இல்லை.

இத்தகைய ஏட்டை எழுதுவதற்கென்றே நமது தேசத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டுமென்று விதித்தது. ஒரு தலைவரும் ஆறு பேருக்கு மேற்படாத உறுப்பினர்களும், அவர்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் மகளிரும் இருக்க வேண்டுமென்று 2004ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. அவ்வூரின் செடி கொடி, விலங்கு, பறவை, வைத்திய ஞானம் யாவற்றையும் மக்களைக் கேட்டே மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுவது அக்குழுவின் முதற்கடமை. உத்தமமான ஏற்பாடு. ஆயினும் சட்டம் வந்து பதினேழு வருஷங்கள் சென்ற பிறகும் பல மாநிலங்களில் குழுவும் இல்லை, ஏடும் இல்லை என்று கண்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2020 ஜனவரி 31க்குள் முடிக்காத மாநிலம் மாதந்தோறும் பத்து லட்ச ரூபாய் கட்ட வேண்டுமென்று கண்டித்துச் சொல்ல நேர்ந்தது. அபராதத்துக்கு அஞ்சி அவசரமாகக் கூட்டும் குழு, பரீட்சைக்கு முதல் நாள் இரவு படிக்கும் மாணாக்கனுக்கு ஒப்பானது. தேறி விடலாம், படித்தது மனத்தில் நில்லாது.

சட்டக் குழுவாயினும் மக்கள் தாமே கூடிய மன்றமாயினும், உயிரோடிருந்தால் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உண்டு. கொடைக்கானலில் 1985ஆம் ஆண்டு குடிமக்கள் கூடி அமைத்த பழனி மலைப் பாதுகாப்பு மன்றம், உள்ளூர் மக்களோடும் கிரீன்பீஸ் இயக்கத்தோடும் சேர்ந்து, ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பாதரசக் கழிவை 2001ஆம் ஆண்டு உலகறியச் செய்தது. ஆலை மூடப்பட்டது, 2003ஆம் ஆண்டு கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்கா சென்றது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தபோது, அவ்வட்டாரத்தின் 72 ஏரிகளும் 200 சுனைகளும் எண்ணிச் சொல்லப்பட்டன. ஈராண்டு கழித்து டங்ஸ்டன் சுரங்கம் வருகிறதென்று கேள்வியுற்ற கிராம சபைகள் தீர்மானம் போட்டபோது, எண்ணி வைத்த அந்தச் சுனைகள் அவர்கள் பக்கம் சாட்சி சொல்ல நின்றன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒடிசாவில், நம் மலையைப் போலவே பாக்சைட் போர்த்திய நியமகிரியிலும், 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஆக்ஞைப்படி பன்னிரண்டு கிராம சபைகளைக் கேட்டார்கள், பன்னிரண்டும் வேண்டாமென்றன. சேர்வராயனில் வெட்டத் தொடங்கிய காலத்தில் அவ்விதம் கேட்க வேண்டுமென்று நிர்ப்பந்திக்கும் சட்டமே இருக்கவில்லை.

இன்றும் சட்டத்தின் துணை, சேர்வராயன் மலைமேல் அமைந்த ஏற்காட்டுக்குக் குறைவுதான். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒன்றும் இல்லாமையால், பழங்குடிக் கிராம சபைகளுக்கென வந்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் இம்மலைக்குச் செல்லாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் செல்லும். ஆனால் அதன்படி பட்டா வழங்குவது நீதிமன்றத் தடையினால் 2016 வரையில் இம்மாநிலத்தில் தடைப்பட்டுக் கிடந்தது. ஆகவே மிஞ்சி நிற்கும் எளிய கருவி ஊராட்சியின் பல்லுயிர்க் குழுவேயாகும்.

குழுவென்றால் ஊராட்சித் தலைவருக்கு வேண்டியவர்களும், எஸ்டேட் முதலாளியும், விடுதி கட்டுவோரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டமாகிவிடாதோ என்று ஐயுறுவோர் உண்டு. அவர்கள் ஐயம் நியாயமானது. அதற்குப் பரிகாரம் குழுவை ஒழிப்பதில் இல்லை. அதனை வெளிச்சத்தில் அமர்த்துவதில் இருக்கிறது. நாகலூர், மாரமங்கலம், மஞ்சக்குட்டை, வாழவந்தி முதலிய ஊராட்சிகளில் தேனெடுக்கும் முதியவரும், பச்சிலை அறிந்த பாட்டியும், காபி பறிக்கும் பெண்ணும் பெயருக்கன்றி மெய்யாகவே உறுப்பினராகட்டும். ஏற்காட்டிலேயே 1963 முதல் நிலவி வரும் தேசிய ஆர்க்கிட் பூங்காவின் தாவர நிபுணர்கள், மலைமக்கள் வாயால் சொல்லும் பெயருக்கு நேரே சாஸ்திரப் பெயரை எழுதிக் கொடுக்கட்டும். விடுதிக்கோ, சாலை அகலப்படுத்தலுக்கோ, ஆழ்துளைக் கிணற்றுக்கோ அனுமதி கேட்டு வரும் காகிதம் மேசையிலிருந்து மேசைக்கு நகருமுன், குழுவின் அபிப்பிராயம் எழுத்தில் வந்து சேர வேண்டுமென்று மாவட்ட நிர்வாகம் ஒரு விதி செய்யட்டும்.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அவற்றுள் ஒன்று உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22இல் கூடுவது. பங்குனி வெயில் ஏறி, மலையில் ஊற்றுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கும் காலம் அது. அன்றைய சபையில் வேறெந்தத் தீர்மானத்தையும் எடுக்குமுன், குழுவின் பெண்ணொருத்தி எழுந்து, தன் ஊரைச் சுற்றியுள்ள ஊற்றுகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, எதில் நீர் இருக்கிறது, எது சென்ற வருஷத்தைவிடப் பதினைந்து நாள் முன்னதாக வற்றியது என்று சொல்லட்டும். குகைக்குள் காவிரியைக் குடியேற்றிய ஜனங்களுக்கு அந்தக் கணக்கு புதிதன்று. அதைக் காகிதத்தில் ஏற்றி, பதில் சொல்ல வேண்டியவர்கள் முன்னே வைப்பதுதான் புதிது.