தாய்ப் பத்திரமும் பெரியவர் வாக்கும்



ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து நம் நெடுநாள் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்து, ஆழ்வார்பேட்டையில் ஒரு மகளிர் விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். “இந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் தோட்டம் என்று விடுதி அம்மா சொன்னார்கள். இவ்வளவு பெரிய இடம் ஒருத்தர் தோட்டமாக இருந்ததா ஐயா? அப்புறம் எப்படி இத்தனை பேருக்கு வீடாயிற்று?” என்று கேட்டிருக்கிறார். அந்தத் தெருக்களில் பல வருஷமாக நடந்தும் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆகவே இந்த மாதப் பக்கம் அவருக்கு.

இருந்தது என்பதுதான் பதில். 1769இல் மைசூரின் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை வந்து கிழக்கிந்தியக் கம்பெனியைச் சமாதானத்துக்கு இணங்க வைத்தார். 1780இல் அவருடைய குதிரைப்படை மறுபடியும் சென்னையின் சுற்றுப்புறத்தைக் கலங்கடித்தது. அந்தப் பயம் குறையக் குறைய, ஜார்ஜ் கோட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் மவுண்ட் ரோட்டின் இருபுறமும், அடையாற்றங்கரை வரைக்கும் இடம் வாங்கிப் போனார்கள். எழும்பூர், நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை எங்கும் தோட்ட வீடுகள் எழுந்தன. நடுவில் தூண் வைத்த ஒரு மாளிகை; சிப்பிச் சுண்ணாம்பை அரைத்துப் பளிங்குபோலத் தேய்த்த சுவர்கள்; சுற்றிலும் கிணறும் தோப்பும் புல்வெளியும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் மௌப்ரே. 1771இல் சென்னைக்கு வந்த கம்பெனி கணக்கர். அடையாற்றின் வடகரையில் அவர் கைக்கு வந்த நிலம் 105 ஏக்கர். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 1,900 கிரவுண்டு! இன்று அரை கிரவுண்டுக்கு ஆயுள் முழுக்கத் தவணை கட்டுகிற ஊரில், ஒரு கணக்கருக்கு அவ்வளவு. அவர் கட்டிய கும்மட்டம் வைத்த மாளிகை இன்னும் நிற்கிறது. 1890இல் தொடங்கிய அடையாறு கிளப் அங்கே குடியேறியது. 1963இல் அது மெட்ராஸ் கிளப்போடு இணைந்தது. அந்த மாளிகைக்குப் போன பாதைதான் மௌப்ரேஸ் ரோடு. டி.டி. கிருஷ்ணமாச்சாரி சாலை என்று பெயர் மாறிய பிறகும் பழைய மயிலாப்பூர்வாசிகள் வாயில் அது மௌப்ரேஸ் ரோடுதான். மார்கழியில் மியூசிக் அகாடமிக்குப் போகிறவர்கள் அந்தச் சாலையில்தான் இறங்குகிறார்கள்.

அடுத்த வீட்டுக்காரர் என்று சொல்லத்தக்க ஜேம்ஸ் பிராடியும் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை போன்ற வீட்டைக் கட்டினார். படகில் போனபோது அதே ஆற்றில் மூழ்கி இறந்தார். அந்த வீட்டில்தான் பின்னாளில் அரசு இசைக் கல்லூரி வந்தது. தோட்ட வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். ஒருவர் குடும்பத்துக்காகக் கட்டிய கூடங்களில் எங்கிருந்தெல்லாமோ வந்த பிள்ளைகள் வீணையும் நாதஸ்வரமும் பழகினார்கள்.

ஜான் டி மான்டியின் கதை வேறு விதம். போர்த்துக்கீசிய வழிவந்த பெருவணிகர் அவர். கோவளத்தில் 1808இல் மாதா கோயிலைக் கட்டியவர். தம் சொத்துகளைத் திருச்சபைக்கு எழுதி வைத்தவர். அந்தக் கோயிலிலேயே அடக்கமானவர். ஆழ்வார்பேட்டையில் அவர் பெயரால் அமைந்த காலனியில் வீடுகள் பல காலம் ஆளில்லாமல் கிடந்தன. ஆளில்லாத வீட்டுக்குப் பேய்க்கதை தானே வந்து சேரும். 2015இல் திரைப்படமும் வந்தது. இன்று டிமான்டி என்றால் பிள்ளைகளுக்குப் பேய் நினைவு வருகிறதே தவிர, சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்த மனிதர் நினைவு வருவதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சரி, தோட்டம் எப்படி மனையாயிற்று? ஒரே நாளில் நடக்கவில்லை. வெள்ளைக்கார வணிகர்கள் ஊர் திரும்பியபோது சில கைமாறின. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் என்னும் வங்கி நிறுவனம் திவாலானது பேரிடி; ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அந்த அடியிலிருந்துதான் மறு வருஷம் இந்தியன் வங்கி பிறந்தது. மாளிகைகள் மெல்ல மெல்ல வக்கீல்கள், ஜமீன்தார்கள், செட்டிநாட்டார் கைக்கு வந்தன. பிறகு பாகப்பிரிவினை. சுதந்திரத்துக்குப் பின் வீட்டுப் பஞ்சம். 1978இல் தமிழ்நாட்டில் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். அதன் பிறகு அடுக்குமாடிகள். ஒவ்வொரு தடவையும் சுற்றுச்சுவர் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது, வெளியே ஒரு தெரு முளைத்தது.

இந்த வரலாற்றையெல்லாம் நமக்குச் சொல்வது பத்திரம். வீடு வாங்கியவர்கள் தாய்ப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் இருக்கும், அதில் செக்குபந்தி. கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வாய்க்கால், தெற்கே வண்டிப் பாதை என்று நாலு எல்லையும் எழுதியிருக்கும். வாய்க்கால் இன்று எங்கே என்று தேடினால், மழைக்காலத்தில் உங்கள் தெருவில் ஏன் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்பதும் விளங்கிவிடும்.

ஆனால் பத்திரம் உடையவர் பெயரை மட்டுமே எழுதும். அந்த 105 ஏக்கருக்குத் தண்ணீர் இறைத்தவர் யார், பல்லக்குத் தூக்கியவர் யார், தோட்டம் துண்டானபோது அவர்கள் குடிசைகள் எங்கே போயின என்பதற்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. இதையொட்டி ஜவ்வாது மலை வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உங்கள் மலையாளிப் பழங்குடி மக்கள் நிலத்துக்கு உரிமை கோரும்போது, காகிதம் மட்டும் சான்றல்ல. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றாகச் செல்லும், கிராம சபையே அதைப் பரிசீலிக்கும். இந்தக் களத்தில் என் தாத்தா சாமை அடித்தார், இந்தப் புளியமரம் அவர் வைத்தது என்று ஒரு கிழவி சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்புண்டு. நகரத்தில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. கேட்டிருந்தால் ஆழ்வார்பேட்டையின் கதையில் மௌப்ரேயோடு அவருடைய தோட்டக்காரருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்.

அதனால் இரண்டு வேண்டுகோள். சென்னையோ, சேலமோ, மதுரையோ, பழைய தோட்டத்திலோ ஜமீன் இடத்திலோ எழுந்த பேட்டையில் குடியிருப்பவர்கள், தாய்ப் பத்திரத்தின் செக்குபந்தியை மட்டும் நகலெடுத்து அனுப்புங்கள். ஆட்களின் பெயர், விலை, சர்வே எண் எதுவும் வேண்டாம். அதோடு உங்கள் தெருவில் வயதில் மூத்தவரிடம், வீட்டு வேலையோ தோட்ட வேலையோ பார்த்தவராக இருந்தால் மிக நல்லது, அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், திருத்திக்கொள்கிறோம். அவர் சொல்லை மட்டும் திருத்தாமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்