பிழைச் செய்தி இல்லாத பிழை

எரர் மெசேஜை கொப்பி பண்ணி கூகிளில போட்டால் பதில் வந்துவிடும். எங்கட தலைமுறை கணினிப் பிழை திருத்தப் பழகியது பெரும்பாலும் இப்பிடித்தான். இந்தப் பழக்கம் உதவாத ஓர் இடம் இருக்கு: கேர்னல் எழும்பும் முதல் நொடி.

ஐ.சீ.ரீ. பாடத்தில் 'பணிசெயல் முறைமை' எண்டு படிச்சோமே, அதன் மையப்பகுதிதான் கேர்னல். அது தொடக்கத்தில் செய்யும் வேலைகளில் ஒன்று, நினைவகத்துக்குப் புதிய முகவரிகள் கொடுப்பது. இன்டெல் 1985இல் அறிமுகப்படுத்திய 80386 தொடக்கம் இது 'பேஜிங்' மூலம் நடக்கிறது. நினைவகம் 4096 பைட் பக்கங்களாகப் பிரியும். எந்த முகவரி எந்தப் பக்கத்தைக் குறிக்கும் என்று ஓர் அட்டவணை சொல்லும். பேஜிங்கை ஒன் பண்ணியதும் அடுத்த கட்டளையையே புரொசசர் இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கிற நிரல் இருக்கும் இடத்தையே அட்டவணையில் எழுதாமல் விட்டால்?

பேஜ் ஃபோல்ட். அதைக் கையாளும் நிரலையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் டபுள் ஃபோல்ட். அதையும் கையாள ஏலாவிட்டால் ட்ரிபிள் ஃபோல்ட். மெஷின் ரீசெட் ஆகும். திரையில் ஒரு எழுத்தும் வராது. ஊர் முழுக்க வீட்டு இலக்கத்தை மாத்தின பிறகு முறைப்பாடு சொல்லப் போனால், அந்தக் கந்தோரின் இலக்கமும் மாறிப்போன கதைதான்.

இந்த இடத்தில் பலர் ஊகிக்கத் தொடங்குவினம். ஒரு வரியை மாற்றி ஓட்டுவது, சரிவராவிட்டால் இன்னொன்றை மாற்றுவது. சிலநேரம் பூட் ஆகியும் விடும். ஏன் ஆனது எண்டு தெரியாது. அது திருத்தம் இல்லை, லொத்தர்.

என்ர கருத்து, திருத்த முதல் மெஷினைக் கதைக்க வைக்க வேண்டும். கேர்னலை கியூஎமு எமுலேட்டரில் ஓட்டி, ரீபூட் ஆகாமல் நிற்கவும் ஒவ்வொரு ஃபோல்ட்டையும் பதியவும் சொல்லலாம். அந்தப் பதிவில் முதலாவது பேஜ் ஃபோல்ட்தான் முக்கியம். பின்னால் வருவது அதன் விளைவு. எந்த முகவரியைத் தேடி விழுந்தது என்பது சீஆர்2 ரெஜிஸ்டரில் இருக்கும். அது ஓடிய கட்டளையின் முகவரியேதான் என்றால், நிரல் தன் இடத்தையே அட்டவணையில் எழுத மறந்திருக்கு.

எம்ஐடியில் கற்பிப்பதற்காக எழுதிய எக்ஸ்வி6இன் இன்டெல் பதிப்பைப் பாருங்கோ. அதன் முதல் அட்டவணை ஒரே 4 மெகாபைட்டை இரண்டு இடத்தில் காட்டும்: பூச்சியத்திலும், 2 ஜிகாபைட்டிலும். வீண்வேலை மாதிரித் தெரியும். ஆனால் பழைய முகவரியிலிருந்து புதியதுக்குத் தாவி முடியும்வரை இரண்டும் வேண்டும்.

கலைப்பீடத்துக்கு இதெல்லாம் ஏன் எண்டு கேட்பினம். ஒரு பிரதி சொல்லாமல் விட்டதை வாசிக்கத்தானே எங்களுக்குப் படிப்பிக்கினம்? இப்ப ஏஐயிடம் கேட்டாலும் நிரல் தரும். ஆனால் அதுக்கும் ஒரு தடயத்தைக் கொடுக்கவேண்டியது நாங்கள்தான். கறுப்புத் திரை வந்தால், நிரலில் கைவைக்க முதல் பதிவை எடுத்து வாசியுங்கோ.