சோறு இறங்காதபோது கஞ்சி மருந்தாகாது

உணவு நெஞ்சில் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் மருத்துவம் ஒரு குவளைத் தண்ணீர். அது பலிக்காதபோது சோறு குழைய வடிக்கப்படுகிறது; சில மாதங்களில் சோறு கஞ்சியாகிறது. இடையே ‘வாயு’ என்றும் ‘அல்சர்’ என்றும் பெயரிட்டு, மருந்துக்கடை மாத்திரைகள் பட்டை பட்டையாகத் தீர்கின்றன. மங்கலம்பேட்டையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் இப்பழக்கத்தை நாங்கள் காண்கிறோம். இது நோயாளிக்குத் தீங்கு செய்கிறது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

விழுங்குவதற்குத் தடை ஏற்படக் காரணங்கள் பல. நெடுநாள் அமில எதுக்களிப்பால் விளைந்த தழும்பு, தவறுதலாக அமிலத்தைக் குடித்ததால் நேர்ந்த புண், புற்றுநோய் ஆகியவை உணவுக்குழாயைச் சுருக்கும். இவற்றில் பெரும்பாலும் கெட்டி உணவு முதலில் தடைப்படும். நீர்ம உணவு பின்னரே தடைப்படும். சோறும் தண்ணீரும் தொடக்கத்திலிருந்தே ஒருசேர நிற்குமாயின், அக்கலேசியா என்னும் நோயை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவுக்குழாய் இரைப்பையுடன் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை உள்ளது. நாம் விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட வேண்டும். அதனை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோனால் அவ்வழி திறவாமல் நின்றுவிடும். உண்டது மேலேயே தேங்கும். இரவில் படுத்ததும் எதுக்களித்து இருமலை உண்டாக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கே புதிதாக வரும் அரிய நோயாதலால், இது ஆஸ்துமா என்று பிழையாகக் கொள்ளப்படுவதும் உண்டு.

இந்நோய்க்கு மருத்துவம் தேடிய வரலாறு நெடியது. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1674-இல் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, அந்நோயாளி தம் உணவைத் தாமே இரைப்பைக்குள் தள்ளி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். 1913-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர், இறுகிய தசையை நீளவாக்கில் கீறி வழியைத் திறந்தார். உட்சவ்வைத் திறக்காமல் தசையை மட்டும் கீறும் அம்முறையே இன்று வயிற்றில் சிறு துளைகள் இட்டு, லேப்பராஸ்கோப்பி வழியே செய்யப்படுகிறது. கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் மருத்துவர் சி. பழனிவேலு குழுவினர் இதில் பெற்ற அனுபவத்தை 2007-இல் மருத்துவ இதழில் வெளியிட்டுள்ளனர். ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008-இல் தொடங்கிய ‘போயம்’ முறையில், எண்டோஸ்கோப்பிக் குழாயை வாய்வழியே செலுத்தி அதே தசையை உள்ளிருந்து கீறுகின்றனர். வெளியே தழும்பு இராது.

தழும்பு இல்லாததே சிறந்தது என்று குடும்பத்தார் முடிவு செய்துவிடலாகாது. 2019-இல் வெளியான ஓர் ஒப்பாய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் போயம் செய்துகொண்டோரில் 83 விழுக்காட்டினரும், லேப்பராஸ்கோப்பி அறுவை செய்துகொண்டோரில் ஏறத்தாழ 82 விழுக்காட்டினரும் நல்ல பயன் பெற்றிருந்தனர். ஆனால் எதுக்களிப்பால் உணவுக்குழாய் புண்ணானது முன்னவருள் 44 விழுக்காடு. பின்னவருள் 29 விழுக்காடு. லேப்பராஸ்கோப்பி அறுவையின்போதே இரைப்பையின் மேற்பகுதியை மடித்துத் தைத்து எதுக்களிப்பைக் குறைக்க இயலும். பலூனால் விரிக்கும் முறையும் நற்பயன் தருவதே. ஆயினும் சிலருக்கு அதனை மீண்டும் செய்ய நேரும். அறுவையைத் தாங்க இயலாத முதியோருக்குத் தசையைத் தளர்த்தும் ஊசி உண்டு. அதன் பயன் சில மாதங்களே நீடிக்கும். நோயின் வகை, வயது, உடல்நிலை ஆகியவற்றைக் கருதியே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறுவை எதைத் தராது என்பதையும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் அறிந்திருத்தல் நன்று. அழிந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை. திறந்த வழியில் உணவு பெரும்பாலும் தன் எடையாலேயே இறங்கும். ஆகவே நிமிர்ந்து அமர்ந்து, நன்கு மென்று, இடையிடையே தண்ணீர் அருந்தி உண்ண வேண்டும். உண்டபின் மூன்று மணி நேரமேனும் படுக்கலாகாது. மருத்துவர் குறித்த நாளில் மறுபரிசோதனைக்கும் வர வேண்டும்.

“வயதாகிவிட்டது, கஞ்சியே போதும், கத்தி வேண்டாம்” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவ்வச்சத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. ஆனால் எதுக்களிக்குமோ என்று அஞ்சித் திருமணப் பந்தியில் அமராமல் ஒதுங்கி நிற்பவரின் துயரையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். காலம் கடந்தால் உணவுக்குழாய் விரிந்து வளைந்துவிடும். எளிய கீறலால் தீர்ந்திருக்கக்கூடிய நோய்க்குச் சிலருக்கு உணவுக்குழாயையே அகற்ற நேரிடும். முதியவருக்குத் திடீரென விழுங்க இயலாமற்போய் எடையும் குறைந்தால், புற்றுநோய் இல்லையென்பதை முதலில் உறுதி செய்தாக வேண்டும்.

எனவே குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இதுவே. விழுங்குவதில் தடை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். எச்சிலைக்கூட விழுங்க இயலாவிடில் அன்றே வாருங்கள். எண்டோஸ்கோப்பியில் அடைப்பு ஏதும் தெரியாவிட்டாலும் தொல்லை தொடருமானால், பேரியம் எக்ஸ்ரேயும், உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரியும் தேவைப்படும். புதுச்சேரி ஜிப்மரிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்குரிய சிறப்புத் துறைகள் உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் பழைய பரிசோதனைத் தாள்களையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் ஒருவர் சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறும் நாளில், ஏன் மாறினார் என்று கேளுங்கள்.