கரையிலே காத்திருந்த படகுகள்

சென்ற கிழமை, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்ததும் ஆங்கில அகராதியொன்றைக் கையிலே ஏந்தியவாறு என் மேசையருகில் வந்து நின்றான். “ஐயா, ‘குவாரன்டைன்’ என்னும் சொல்லுக்கு மூலப்பொருள் நாற்பது என்று இதிலே போட்டிருக்கிறது. நோய்க்கும் நாற்பதுக்கும் என்ன உறவு?” என்று வினவினான்.

கொவிட் காலத்தில் நம் வீட்டுச் சிறுவரும் நாள்தோறும் கேட்ட சொல் அது. ‘தனிமைப்படுத்தல்’ என்று நாம் தமிழில் வழங்கினோம். ஆயினும் அதன் பிறப்பை அறிந்தவர் சிலரே. அச்சொல் மருத்துவமனையிலே பிறந்ததன்று, கப்பற்றுறையிலே பிறந்தது.

1347 ஆம் ஆண்டில் கொள்ளைநோய் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. அது ஊரூராய் உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. அத்திரியாத்திக் கடற்கரையிலே றகூசா என்றொரு துறைமுக நகரம் இருந்தது. இன்று குரோசியா நாட்டிலே துப்ரோவ்னிக் என வழங்குவது அதுவே. நோயுள்ள இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் நகருக்குப் புறத்தே தங்கியிருந்த பின்னரே உள்ளே வரலாம் என அந்நகரத்தார் 1377 ஆம் ஆண்டிலே சட்டம் செய்தனர். பின்னர் அம்முப்பது நாள் நாற்பதாயிற்று. வெனிஸ் நகரத்தாரோ 1423 ஆம் ஆண்டில் தம் நகரை அடுத்த தீவொன்றில் நோயாளருக்கெனத் தனி மனையே அமைத்தனர். இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான் ‘குவாரன்டைன்’.

நம் நாட்டுக்கும் இக்கதை புதிதன்று. மலைநாட்டுத் தோட்டங்களுக்கென இந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர் எத்தனையோ பேர், கடலைக் கடக்குமுன் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். கைக்குழந்தையோடும் மூட்டையோடும் அங்கே அமர்ந்திருந்த தாய்மாரின் காத்திருப்பை யார் எழுதி வைத்தார்கள்?

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்குச் சொன்னேன். அவன் சற்றுநேரம் சிந்தித்துவிட்டு, “அப்படியானால் ஐயா, அந்தக் காலத்திலே படகுகள் கரைக்கு வருவதற்குக் காத்திருந்தன. நம் காலத்திலே காத்திருந்தவை எவை?” என்று கேட்டான். அவ்வேளை, 2020 ஆம் ஆண்டில் என்னுடைய பழைய மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் என் நினைவுக்கு வந்தது. நம் காலத்திலும் படகுகள் காத்திருந்தன. ஆனால், அவை நீரிலே நின்று கரையை நோக்கவில்லை. கரையிலே நின்று நீரை நோக்கின.

அம்மாணவர் இன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்திலே குடும்பத்தோடு வாழ்கிறார். படத்தைப் பார்த்தால் மிச்சிகன் நிலத்தினும் நீருக்கே உரியதெனத் தோன்றும். வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்தினுள் நான்கு அம்மாநிலத்தைத் தழுவிக் கிடக்கின்றன. உள்நாட்டிலோ பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றேரிகள் உள்ளன. அங்கே தொழிலாளியும் ஆசிரியரும் ஓய்வூதியம் பெறுவோரும் படகு வைத்திருக்கின்றனர். மீன் பிடிக்கவும், பிள்ளைகளோடு உலாவவும், சும்மா மிதந்து கொண்டிருக்கவும் அவை பயன்படும்.

ஆனால் மாரியிலே அந்நீர்நிலைகள் பல உறைந்துவிடும். ஆதலால், இலையுதிர் காலத்திலேயே படகுகளைக் கரையேற்றி, இயந்திரத்தினுள் நிற்கும் நீரை வடித்து, வெண்ணிறப் பிளாஸ்டிக் உறையால் இறுகப் போர்த்தி வைப்பர். வசந்தம் வந்ததும் உறையை நீக்கிப் பாரந்தூக்கியினாலோ இழுவை வண்டியினாலோ மறுபடியும் நீரில் இறக்குவர். ஏப்ரல், மே மாதங்களிலே படகுத்துறைகள் திருவிழாவுக்கு முந்திய கோயில் வீதிபோலக் கலகலப்பாயிருக்கும் என்று அம்மாணவர் எழுதியிருந்தார்.

2020 ஆம் ஆண்டு வசந்தத்திலே அக்கலகலப்பு இல்லை. மார்ச் 10 ஆம் நாள் அம்மாநிலத்தில் முதல் நோயாளர் இருவர் கண்டறியப்பட்டனர். மார்ச் 24 இல் வீட்டிலிருக்கும் கட்டளை நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 9 இல் ஆளுநர் அதனை மேலும் இறுக்கினார். நடக்கலாம், ஓடலாம், துவிச்சக்கர வண்டி ஓட்டலாம். துடுப்பு வள்ளமும் பாய்ப்படகும் செலுத்தலாம். இயந்திரப் படகு மாத்திரம் கூடாது.

இதனைக் கேட்டு மக்கள் திகைத்தனர். “துடுப்பு வலித்தால் தொற்றாத நோய், இயந்திரத்தை முடுக்கினால் தொற்றுமோ?” என்று ஏளனமாகக் கேட்டனர். ஆயினும் விதிக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. இயந்திரப் படகை நீரிலிறக்க வேண்டுமாயின் அதனை வண்டியிலே பூட்டி நெடுந்தூரம் இழுத்துச் செல்லவேண்டும். வழியிலே எரிபொருள் நிரப்பவேண்டும். இறங்குதுறையிலே பலரோடு நெருங்கி நிற்கவேண்டும். தனியே மிதப்பவனால் எவர்க்கும் தீங்கில்லை. தண்ணீரை அடையும்வரை அவன் தனியனாய் இருப்பதில்லை என்பதே சிக்கல். இக்காரணம் மக்கள் நெஞ்சிலே பதியவில்லை. ஏப்ரல் 15 ஆம் நாள் பல்லாயிரவர் தத்தம் வாகனங்களிலே தலைநகராகிய லான்சிங்குக்குச் சென்று தெருக்களை அடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினர். பிழைப்பை இழந்த துயரும் அரசியற் பகையும் அக்கூட்டத்திலே கலந்திருந்தன. எனினும், படகு பற்றிய அவ்விதியும் அவர்தம் முறைப்பாடுகளுள் ஒன்றாய் இருந்தது.

ஏப்ரல் 24 ஆம் நாள் ஆளுநர் அத்தடையை நீக்கினார். அன்றைக்குள் அவ்வொரு மாநிலத்திலே மாத்திரம் இந்நோயால் மாண்டவர் தொகை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. படகுக்காக ஏங்கியவரைப் பழிப்பதற்காக இதை நான் சொல்லவில்லை. ஒரே ஊரில் ஒருவன் தன் படகைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். அடுத்த தெருவில் ஒருத்தி மருத்துவமனை வாயிலுக்கு அப்பாற் செல்லமுடியாமல் தன் தந்தையின் செய்திக்காக நிற்கிறாள். இரண்டும் காத்திருப்பே, இரண்டுக்கும் எடை ஒன்றன்று. மண்டபம் முகாமிற் காத்திருந்தவர்களை எண்ணும்போதும் எனக்கு இந்நினைவே எழுகின்றது. தன் காத்திருப்பின் எடையைப் பிறர் காத்திருப்போடு வைத்து நிறுத்துப் பார்ப்பவனுக்குப் பொறுமை தானே வந்து சேரும்.

தடை நீங்கியும் படகுகள் உடனே நீரை அடைந்துவிடவில்லை. வாரக்கணக்கில் நின்றுபோன வேலைகள் துறைகளிலே குவிந்து கிடந்தன. மேலும், அவ்வாண்டு சனவரி முதல் ஓகஸ்ட் வரை மிச்சிகன், ஹியூரன் ஏரிகளின் நீர்மட்டம், அந்தந்த மாதத்துக்கு முன்னெப்போதும் பதிவாகாத அளவுக்கு உயர்ந்து நின்றது. சில துறைகளிலே படகு கட்டும் மேடைகளே நீருள் அமிழ்ந்தன. இவற்றால் வரிசை நீண்டது.

அந்த வரிசையிலே ஆளுநர் வீட்டுப் படகும் நின்றது. போரில் மாண்டோரை நினைவுகூரும் விடுமுறை நாள் மே மாதத்து இறுதித் திங்கட்கிழமை அங்கே வரும். வேனிற்கால உல்லாசம் தொடங்குவதும் அந்நாளிலேதான். வடபகுதிக்கு எல்லோரும் திரண்டு ஓடவேண்டாமென்று ஆளுநர் மக்களைக் கேட்டுக்கொண்ட சில நாளுக்குள், அவருடைய கணவர் வடபகுதிப் படகுத்துறைத் தொழிலாளர் நிறுவனமொன்றுடன் தொடர்புகொண்டு, அவ்விடுமுறைக்கு முன் தம் படகை நீரிலிறக்க முடியுமா என்று கேட்டார். இயலாது என்று விடை வந்தது. “நான் ஆளுநரின் கணவன், அதனால் வரிசையிலே முன்னுக்கு வரலாமோ?” என்னும் கருத்துப்பட அவர் ஒரு பேச்சும் பேசிவிட்டார். செய்தி வெளியாகி நாடெங்கும் பரவிற்று. மே 26 இல் ஆளுநர் செய்தியாளரைச் சந்தித்து, அது பொருந்தாத நகைச்சுவை என்றும், அதற்காகத் தாம் வருந்துவதாகவும் கூறினார்.

அது நகைச்சுவையாகவே இருக்கட்டும். அப்படகு வரிசையிலே முந்திவிடவில்லை என்பதையும் மறக்கலாகாது. எனினும், விதி செய்பவர் வீட்டார் விதியைப்பற்றி விளையாட்டாகப் பேசுவதற்கும் இடமில்லை. வரிசையிலே நிற்பவன் தனக்கு முன்னால் நிற்பவரின் தொகையைப் பார்த்துச் சினப்பதில்லை. ஒருவன் புறத்தே புகுந்துவிட்டான் என்ற ஐயம் பிறந்தாலே சினக்கிறான். சங்கக்கடை வரிசையிலே நின்று பழகிய நமக்கு இதனை எவரும் விளக்கவேண்டுவதில்லை.

இக்கதை இம்மட்டோடு முடிந்திருந்தால் நான் இதனை எழுதத் துணிந்திரேன். துறைகள் திறந்த பின்னர் நிகழ்ந்தவையே நம் குடும்பங்கள் சிந்திக்கத் தக்கவை.

திரையரங்கும் விளையாட்டரங்கும் மூடிக்கிடந்தமையால், அமெரிக்க மக்கள் நீரை நோக்கித் திரண்டனர். 2020 ஆம் ஆண்டில் அந்நாட்டிலே மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய இயந்திரப் படகுகள் விற்பனையாயின. பன்னிரண்டு ஆண்டுகளாக அத்தகைய விற்பனை நிகழ்ந்ததில்லை. முதன்முறையாகப் படகு வாங்கியோர் பல இலட்சம் பேர். வீட்டினுள் அடைபட்டிருந்த குடும்பம் வெயிலும் காற்றும் நாடிச் சென்றதில் தவறென்ன?

ஆனால், ஆண்டிறுதியிலே கடலோரக் காவற்படையினர் எடுத்த கணக்கு வேறொன்றையும் காட்டிற்று. 2019 இல் உல்லாசப் படகு விபத்துக்களில் மாண்டோர் 613 பேர். 2020 இல் மாண்டோர் 767 பேர். நால்வர்க்கு ஐவரானார் எனலாம். நீரிலிறங்கியோர் தொகை கூடியமையால் விபத்தும் கூடிற்று என்பது உண்மையே. ஆயினும், இறப்பின் காரணம் தெரிந்தவருள் நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கி இறந்தனர். அவ்வாறு மூழ்கியவருள் நூற்றுக்கு 86 பேர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. படகு செலுத்தியவரின் பயிற்சிபற்றித் தெரிந்த இறப்புக்களிலும், பெரும்பாலானவை முறையான பயிற்சி பெறாதவர் செலுத்திய படகுகளிலேயே நிகழ்ந்தன.

இக்கணக்கைப் படித்தபோது என் மனம் கலங்கிற்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிக்கு அஞ்சி முகத்தை மூடி, கைகழுவி, வாயிலிலே காத்திருந்த மக்கள், கண்முன் பரந்துகிடந்த நீருக்கு அஞ்ச மறந்தனர். கதவு எப்போது திறக்கும் என்று நாள்தோறும் கேட்டவருள் எத்தனை பேர், திறந்தபின் தாம் எங்கே கால்வைக்கப் போகிறோம் என்று கேட்டனர்?

என் மாணவரின் கடிதத்துக்கு மீண்டும் வருகிறேன். அவர் அயலிலே ஒரு முதியவர் இருந்தார். அவர் படகு வீட்டின் முன்றிலிலே வெள்ளை உறைக்குள் கிடந்தது. தடையிருந்த நாட்களில் அவர் மாலைதோறும் வெளியே வருவார். முதல் நாள் உறையை ஒரு பக்கம் கிழித்தார். அடுத்த நாள் தம் பேரனை உள்ளே ஏற்றி இருத்தினார். உலர்ந்த தரையிலே நின்ற அப்படகில் அச்சிறுவன் உயிர்காப்பு அங்கியை அணிந்து அமர்ந்திருக்க, கிழவர் அவனுக்குக் கயிற்று முடிச்சுக்களைப் பழக்கினார். ஒரே முடிச்சை அவன் கண்ணை மூடிக்கொண்டு போடும்வரை விடவில்லை. “தெருவிலே போவோர் சிரித்தார்கள் ஐயா, நானும் சிரித்தேன்” என்று எழுதியிருந்தார் என் மாணவர். வைகாசி கழியுமுன் அப்படகு நீருக்குச் சென்றபோது, அதைத் துறையிலே கட்டியவன் அச்சிறுவனே என்பதையும் அவர் பின்னொரு கடிதத்தில் அறிவித்தார்.

2020 இல் நம் பிள்ளைகளும் காத்திருந்தனர். ஓகஸ்ட் மாதத்தில் நடக்கவேண்டிய உயர்தரப் பரீட்சை ஒக்டோபருக்குத் தள்ளப்பட்டது. “இன்னும் நாளிருக்கிறது” என்று புத்தகத்தை மூடியவர்களையும் கண்டேன். “இன்னும் நாள் கிடைத்தது” என்று புத்தகத்தைத் திறந்தவர்களையும் கண்டேன். இரு சாராரும் எண்ணியது ஒரே நாட்காட்டியைத்தான்.

அகராதியோடு வந்த மாணவனுக்கு நான் இறுதியாகச் சொன்னதும் இதுவே: “தம்பி, நாற்பது நாள் என்று விதிக்க ஊராரால் முடியும். அந்நாற்பது நாளையும் என்ன செய்தாய் என்ற கேள்வியை ஊரார் கேட்கமாட்டார்கள். அதைக் கடலே கேட்கும்.”