புதுவீட்டுக்குக் கைப்பிடிச் சுவர்

2022ஆம் ஆண்டில் நம் நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை. சராசரியாக நாளொன்றுக்கு 460 பேருக்கும் மேல். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழகத்துக்கு: 64,105. இறந்தவர்களின் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. ஒரு புயலோ நிலநடுக்கமோ ஒரே நாளில் இத்தனை பேரைக் கொண்டுபோயிருந்தால் எல்லாப் பங்குகளிலும் சிறப்புத் திருப்பலி நடந்திருக்கும், நிவாரண நிதி திரட்டியிருப்போம். சாலைகளிலோ இங்கொருவர் அங்கொருவராகப் போகிறார்கள். செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரி, கல்லறைத் தோட்டத்தில் ஒரு புதுக் குழி, அதோடு முடிந்துவிடுகிறது.

இதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தலைக்கவசம் அணியாமல் சென்று இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் வண்டி ஓட்டியவர்கள் 35,692 பேர். பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் 14,337 பேர். பின்னால் உட்கார்ந்து வருபவர் பெரும்பாலும் யார் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வரும் நேரத்தில் நம் கோவில் வாசலில் பத்து நிமிடம் நின்றாலே போதும். கணவரின் தலையில் ஹெல்மெட் இருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் மனைவியின் தலையில் இருக்காது. மடியில் கைக்குழந்தை, முன்னால் பெட்ரோல் டாங்க் மீது மூத்த பிள்ளை. இவர்கள் யாருக்கும் எதுவும் இல்லை. கேட்டால், "நாலு தெரு தள்ளித்தானே ஃபாதர் வீடு" என்பார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே தலைக்கவசம் பற்றிய பிரிவு உண்டு. ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் அணிந்தே ஆகவேண்டும் என்று 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. கடைகளில் ஹெல்மெட் தீர்ந்துபோனதும், கிடைத்ததை எல்லாம் மக்கள் வாங்கி மாட்டிக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கலாம். 2022 அக்டோபரில் தமிழக அரசு அபராதத்தை 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் கொண்டு சென்றால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்குத் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்படி ஒரு விதி இருப்பதையே நம் பங்குகளில் எத்தனை பெற்றோர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

போலீசாரைப் பார்த்ததும் கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டுவதும், தாண்டியதும் கழற்றுவதும் அபராதத்துக்கு மட்டும் பயப்படுவதால் வரும் பழக்கம். தலைக்கவசம் என்ன செய்கிறது என்று யாரும் சொல்லித் தராததும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். வெளியே தெரியும் கடினமான ஓடு மட்டும் உயிரைக் காப்பதில்லை. அதற்குள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற தடித்த அடுக்குதான் முக்கியமான வேலையைச் செய்கிறது. தலை தரையில் மோதும் அந்த நொடியில் அது நசுங்குகிறது. அது நசுங்கும் நேரத்தில் தலையின் வேகம் குறைகிறது, மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் மோதும் விசையும் குறைகிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பதும் இதனால்தான். தாடைக்குக் கீழே பட்டையை மாட்டாவிட்டால், தலை தரையைத் தொடும் முன்பே ஹெல்மெட் எங்கோ பறந்திருக்கும். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மருத்துவ ஆய்வாளர்கள், தலைக்கவசம் இறப்பு ஆபத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டார்கள். இது தரமான, சரியாக மாட்டிய தலைக்கவசத்தைப் பற்றிய பேச்சு. சாலையோரத்தில் துணி விரித்து விற்கும் மலிவான தொப்பிக்கு இது பொருந்தாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்ற ஆணை 2021 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. சாலையோர விற்பனை அதற்குப் பிறகும் நடக்கிறது.

இதுவரை சொன்னது வண்டியில் போகிறவரின் கடமை. நம் மேடைகளிலும் மறையுரைகளிலும் சாலைப் பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறோம். மதுவின் போதையாலோ வேகத்தின் மீதுள்ள மோகத்தாலோ தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவது கனமான குற்றம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290ஆம் எண்ணில் கற்பிக்கிறது. 2007 ஜூன் மாதம் புலம்பெயர்ந்தோருக்கான திருப்பீட அவை சாலை மேய்ப்புப்பணி பற்றிய வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள் என்று அன்று செய்திகளில் அடிபட்ட பகுதி அதில் உள்ளதுதான். முதல் கட்டளையே கொலை செய்யாதே என்பது. இவை எல்லாம் ஓட்டுபவரை நோக்கிப் பேசுகின்றன. தேவையான பேச்சுதான்.

ஆனால் விவிலியத்தில் இன்னொரு குரலும் உண்டு. இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை. புதுவீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், இல்லையென்றால் அங்கிருந்து யாராவது விழும்போது இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்பது அதன் கருத்து. அந்நாளில் வீட்டு மாடி தட்டையானது. ராகாபு தன் வீட்டு மாடியில் சணல் தட்டைகளைப் போட்டு வைத்திருந்தார். பேதுரு மாடிக்கு ஏறிச் சென்று இறைவேண்டல் செய்தார். மக்கள் தினமும் ஏறி இறங்கும் இடம் அது. விழுந்தவர் கவனமாக இருந்திருக்க வேண்டாமா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. மனிதர் தவறுவார், கால் இடறும் என்பதை ஏற்றுக்கொண்டு, கட்டியவரிடம் கணக்குக் கேட்கிறது.

நம் காலத்தில் இந்தக் கணக்கு கார்த் தொழிற்சாலை வாசலுக்குப் போகிறது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் அதிகம் விற்கும் ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முன்பக்கத்தின் ஒரு பாதி தடுப்பில் மோதும்படி ஓட்டி, உள்ளே உட்கார வைத்த பொம்மைகளின் தலை, மார்பு, கால்களில் எவ்வளவு விசை விழுகிறது என்று அளந்து நட்சத்திரம் கொடுப்பார்கள். அதிகபட்சம் ஐந்து. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, வோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தின் அடிப்படை வகைகளும் பெரியவர்களின் பாதுகாப்பில் பெற்றது பூஜ்யம். இவற்றில் ஐ10 இருங்காட்டுக்கோட்டையிலும் ஃபிகோ மறைமலை நகரிலும் உருவானவை. அதே ஆண்டு நவம்பரில் பூஜ்யம் பெற்ற டட்சன் கோ ஒரகடத்தில் உருவானது. அதன் உடற்கட்டமைப்பே இவ்வளவு பலவீனமாக இருக்கும்போது காற்றுப்பை வைத்தும் பயனில்லை என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். அதை இந்தியச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி குளோபல் என்கேப் தலைவர் மாக்ஸ் மோஸ்லி, நிசான் தலைவர் கார்லோஸ் கோனுக்குக் கடிதமும் எழுதினார். காஞ்சிபுரம், செங்கல்பட்டு பகுதிகளின் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்தன, வாழ்கின்றன. அந்தத் தொழிலாளர்களின் கைவேலையில் குறையில்லை. எவ்வளவு தடிமனான இரும்பு, எந்த விலைக்கு எத்தனை காற்றுப்பை என்பதை முடிவு செய்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

அந்தக் கார்கள் ஒன்றும் சட்டத்துக்குப் புறம்பானவை அல்ல. இத்தகைய முன்பக்க மோதல் சோதனையில் தேறியாக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இந்தியாவில் இல்லை. அது 2017 அக்டோபரில்தான் புதிய மாடல்களுக்கு வந்தது, அதுவும் 56 கிலோமீட்டர் வேகத்தில். ஓட்டுநருக்கு ஒரு காற்றுப்பை கட்டாயமானது 2019 ஜூலையில். அருகில் அமர்பவருக்கும் வேண்டும் என்றது 2021இல். ஆறு காற்றுப்பைகள் வேண்டும் என்று 2022 ஜனவரியில் வந்த வரைவு, ஓராண்டு தள்ளிப்போய், கட்டாயமில்லை என்று 2023இல் கைவிடப்பட்டது.

பாதுகாப்பைக் கூட்டினால் விலை கூடும், விலை கூடினால் ஏழைக் குடும்பம் காருக்கு மாற முடியாமல் அதைவிட ஆபத்தான இருசக்கர வண்டியிலேயே இருந்துவிடும் என்பது தயாரிப்பாளர்கள் தரப்பு வாதம். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் நடந்ததைப் பாருங்கள். 2014இன் முடிவு வந்ததும் வோக்ஸ்வாகன், காற்றுப்பை இல்லாத போலோவை விற்பதை நிறுத்தி இரண்டு காற்றுப்பைகளை எல்லா வகைகளிலும் பொருத்தியது. அப்படிப் பொருத்திய கார் நான்கு நட்சத்திரம் பெற்றது. 2016இல் இங்கே சோதித்த ரெனோ க்விட் முதலில் பூஜ்யமும், திருத்திய பின் ஒரு நட்சத்திரமும் பெற்றது. அதே பெயரில் பிரேசிலில் நான்கு காற்றுப்பைகளோடு விற்ற கார் 2017இல் மூன்று நட்சத்திரம் பெற்றது. பிரேசிலின் ஏழைகளும் ஏழைகள்தான். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் காரானது. பிறகு அதையே விளம்பரமாகவும் ஆக்கினார்கள். 1959இல் மூன்று முனை சீட் பெல்ட்டை உருவாக்கிய வோல்வோ நிறுவனம், மற்ற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையைத் திறந்துவிட்டதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற நம் நாட்டின் சொந்த மதிப்பீட்டு முறை தொடங்கியது. நல்ல செய்திதான். ஆனால் தயாரிப்பாளர் விரும்பினால் காரைச் சோதனைக்கு அனுப்பலாம் என்ற அளவில்தான் அது தொடங்கியது. நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குவது வாங்குபவரின் பாடு.

சுவர் இருந்தும் எட்டிக் குதிப்பவரும் உண்டு. 2022 செப்டம்பர் 4 அன்று மும்பை அருகே பால்கரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது சாதாரணக் காரில் அல்ல, விலை உயர்ந்த மெர்சிடிஸ் காரில். பின்னிருக்கையில் சீட் பெல்ட் அணியாமல் இருந்தார். பின்னால் இருந்த இருவரும் இறந்தனர். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தனர். நம்மில் பின்னிருக்கையில் பெல்ட் போடுகிறவர்கள் எத்தனை பேர்? ஆயர் இல்லத்து வண்டிகளையும் சேர்த்தே கேட்கிறோம்.

இன்னொன்று. நட்சத்திரம் எல்லாம் காருக்குத்தான். 2022இல் சாலையில் இறந்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். புதிய இருசக்கர வண்டியை விற்கும்போதே தரமான தலைக்கவசம் ஒன்றையும் தயாரிப்பாளர் தரவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. புது வண்டி வாங்குவோர் ஷோரூமில் இதைக் கேட்டு வாங்கலாம். அது சலுகை அல்ல, உரிமை. கேட்டு வாங்குபவர் குறைவு. வண்டியை நேராகக் கோவிலுக்குக் கொண்டுவந்து, பூமாலை போட்டு, அருள்தந்தையிடம் மந்திரிக்கச் சொல்கிறோம். புனித கிறிஸ்டோபர் படமும் ஒட்டுகிறோம். தீர்த்தம் தெளிக்கும் முன் "ஹெல்மெட் இரண்டு இருக்கிறதா?" என்று கேட்கும் அருள்தந்தையரை நாம் பாராட்டுகிறோம்.

அப்படிக் கேட்கும் திருச்சபையும் ஒரு வகையில் வீடு கட்டுகிறவர்தானே? நம் பங்குகளிலிருந்து திருவிழாவுக்கும் அடக்கச் சடங்குக்கும் ஆட்களைச் சரக்கு வேனில் ஏற்றிப் போவது இன்னும் நிற்கவில்லை. பின்புறம் திறந்த அந்த வண்டியில் இருக்கை இல்லை, பெல்ட் இல்லை. கவிழ்ந்தால் மனிதர்கள் மூட்டைகளைப் போலச் சிதறுவார்கள். ஏற்பாடு செய்வது யார்? பங்குப் பேரவையும் அன்பியப் பொறுப்பாளர்களும்தான். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி நோக்கிக் காவி உடையில் கூட்டம் கூட்டமாக இரவில் நடக்கும் திருப்பயணிகளும் அப்படியே. முதுகில் ஒளி பிரதிபலிக்கும் ஒரு பட்டையும், கூட்டத்தின் கடைசியில் விளக்கோடு ஒருவரும் இருந்தால் பின்னால் வரும் லாரி ஓட்டுநர் தொலைவிலேயே பார்ப்பார். ஒருவர் இறந்தபின், "ஆண்டவர் அழைத்துக்கொண்டார்" என்று ஆறுதல் சொல்கிறோம். துயரத்தில் இருக்கும் வீட்டில் வேறென்ன சொல்வது? ஆனால் அதே சொல்லைப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் சொல்லக்கூடாது.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம் மூன்றாம் ஞாயிறு, சாலை விபத்துகளில் இறந்தோரை நினைவுகூரும் உலக நாள். ஐ.நா. பொதுச்சபை 2005இல் இதை ஏற்றுக்கொண்டது. நமக்கு நவம்பர் எப்படியும் இறந்த விசுவாசிகளின் மாதம். கல்லறைத் திருநாளுக்குக் கொடுத்த பெயர்ப் பட்டியல் பங்கு அலுவலகத்தில் இருக்கும். அதிலிருந்து சாலையில் இறந்தவர்களின் பெயர்களை மட்டும் தனியே எழுதி, அந்த ஞாயிறு திருப்பலியில் வயதோடு வாசிக்கலாம். அதற்கு முந்தைய வாரமே வின்சென்ட் தே பவுல் சபையினர், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சிறுவர் ஹெல்மெட்டுகளை மொத்த விலைக்கு வாங்கிவைத்து, திருப்பலி முடிந்ததும் வாசலில் விற்கலாம்.