ஷாஹ்தராவின் வரலாறு 2002-இல் தொடங்கவில்லை

நகர்ப்புறப் போக்குவரத்தைப் பற்றிய நம் ஆய்வுரைகளில் ஷாஹ்தரா ஒரே ஒரு காரணத்துக்காக நினைக்கப்படுகிறது. 2002 டிசம்பர் 24 அன்று டெல்லி மெட்ரோவின் முதல் தடம் அங்கிருந்து தீஸ் ஹசாரி வரை, 6 நிலையங்களுடன் திறக்கப்பட்டது. யமுனையின் கீழ்க்கரைப் புறநகர் அன்றுதான் இருப்புப்பாதையைக் கண்டது போன்ற தொனியில் நாம் எழுதிவருகிறோம். இது வெறும் கவனக்குறைவு அன்று. வெற்றி பெற்ற திட்டங்களின் வழியாக மட்டுமே வரலாற்றைப் படிக்கும் பழக்கத்தின் விளைவு.

1907-இலேயே ஷாஹ்தராவிலிருந்து சகாரன்பூருக்கு இலகு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டரை அடி அகலம் மட்டுமே கொண்ட தண்டவாளம். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளம். பாக்பத், படௌத், ஷாமலி ஆகிய கரும்பு வட்டாரங்களை அது தலைநகரின் விளிம்போடு பிணைத்தது. நடத்தியது கல்கத்தாவின் மார்ட்டின் நிறுவனம். ராஜேந்திரநாத் முகர்ஜி பங்குதாரராக இருந்த அதே நிறுவனம்தான் ஹவுரா–ஆம்தா இலகு ரயிலையும் நடத்தியது. ஷாஹ்தரா தடம் 1970-இலும், ஆம்தா தடம் 1971-இலும் மூடப்பட்டன.

மூடியதற்குச் சொல்லப்படும் காரணம் நட்டம். நட்டம் பொய்யன்று. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. குறுகிய பாதையில் வரும் சரக்கை அகலப்பாதைக்கு மாற்ற இரு முனைகளிலும் இறக்கி ஏற்றியாக வேண்டும். பொதுச் செலவில் போடப்பட்ட சாலையில் ஓடிய லாரிக்கு அந்தத் தொல்லை இல்லை. தன் தடத்தைத் தானே பராமரிக்க வேண்டியிருந்த ரயிலையும், சாலையைத் தன் கணக்கில் காட்டத் தேவையில்லாத லாரியையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டு, ரயில் தோற்றது என்று தீர்ப்பு எழுதினோம்.

அந்தப் பாதை காலாவதியாகிவிட்டது, மூடல் தவிர்க்க இயலாதது என்று சிலர் வாதிடுவர். பாதையின் அகலம் காலாவதியானது மெய். பயணத் தேவை காலாவதியாகவில்லை. ஆகவேதான் பின்னாளில் ஷாமலி வழியாகச் சகாரன்பூருக்கு அகலப்பாதை போடப்பட்டது. டெல்லி ஷாஹ்தரா இன்றும் 'சந்திப்பு' என்று அழைக்கப்படுவது அந்தத் தடம் அங்கே பிரிவதால்தான். ஆம்தாவுக்கும் அகலப்பாதை சென்றது, பல பத்தாண்டுகள் கழித்து. தேவையே இல்லாத இடத்தில் அரசு ஏன் மீண்டும் தண்டவாளம் போட்டது? இடைப்பட்ட ஆண்டுகளில் ரயிலின்றி நின்ற பயணிகளின் இழப்பு எந்த நட்டக் கணக்கில் ஏறியது?

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2019-இல் ஒன்றிய அரசு குறைந்த பயணிகள் உள்ள நகரங்களுக்கென 'மெட்ரோலைட்' தரநிலைகளை வெளியிட்டது. இலகு ரயில் புதிய கண்டுபிடிப்பாகத் திரும்பி வந்தது. 2024-இலோ, 1873 முதல் டிராம் கண்ட கொல்கத்தாவில், ஒரு பாரம்பரியத் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. இருப்பதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, அதே வகையைப் பெருஞ்செலவில் வேறு பெயரில் வாங்க முனைகிறோம்.

வரலாற்றுத் துறையினரும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பெரும் இருப்புப்பாதைகளைப் பற்றி நம்மிடம் நூல்கள் குவிந்துள்ளன. இலகு ரயில்களை 'பொம்மை வண்டி' என்ற ஏக்கக் குறிப்புகளுக்கு விட்டுவிட்டோம். ஏக்கம் எவரையும் கணக்குக் கேட்பதில்லை. ஆய்வு கேட்க வேண்டும்: மூடலால் யார் ஆதாயம் அடைந்தனர், நிலம் யாரிடம் போயிற்று, மாற்றுப் போக்குவரத்துக்கு ஏழைப் பயணி எவ்வளவு செலவிட்டார்? அந்தத் தடத்தில் பயணித்தவர்களுள் எஞ்சியிருப்போர் இன்று முதியவர்கள். அவர்களுடைய வாய்மொழிச் சான்றுகளைப் பதிவுசெய்ய நமக்கு வாய்த்துள்ள காலம் மிகக் குறைவு. அடுத்த முறை மெட்ரோவைப் பற்றி ஆய்வு முன்வரைவு எழுதுவோர், முதல் அத்தியாயத்தை 1907-இலிருந்து தொடங்கட்டும்.