கோளாறு நம் வீட்டுச் சுவரிலும் இருக்கலாம்



2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, பொட்டிப்புரத்தில் உள்ள எங்கள் வீட்டில் மகளின் இணைய வகுப்பு அடிக்கடி அறுந்து போயிற்று. ஆசிரியையின் முகம் தெரியும், குரல் வராது. குரல் வந்தால் முகம் அசையாது. தேர்வோ நெருங்கிக் கொண்டிருந்தது. கட்டணம் கூடிய திட்டத்துக்கு மாறுவதே வழி என்று முடிவு செய்துவிட்டேன். (கலைப் பட்டதாரிக்குக் கம்பியின் குணம் எங்கே தெரியும்!) குற்றம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது என்பது பின்னர்தான் விளங்கிற்று.

தொலைபேசிக் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் இணைப்புத் தரும் சேவையை பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் தொடங்கியது. ஒரே இணைச் செம்புக் கம்பியில் நம் குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே செல்கிறது. இணையத் தகவலோ சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் முறையில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை செல்கிறது. இரண்டையும் பிரித்துத் தருவது ‘ஸ்பிளிட்டர்’ என்னும் சிறு பெட்டி. கம்பியில் உள்ள சிறு குறையும் உயர்ந்த அலைகளுக்குப் பெருந்தடையாகிவிடும். ஆகவேதான் பேச்சு தெளிவாகக் கேட்கும்போதும் இணையம் நொண்டுகிறது.

அத்தா காலத்தில் மாடி அறைக்கு ஒரு கிளைக் கம்பி இழுத்திருந்தோம். அங்கிருந்த தொலைபேசியை எடுத்துப் பல ஆண்டுகளாகியும் கம்பி மட்டும் சுவரில் கிடந்தது. முனையில் எதுவும் மாட்டாத அத்தகைய கிளையில் நுழையும் அலை, முனையில் மோதித் திரும்பி வந்து மற்ற அலைகளைக் குலைக்கும். போதாததற்கு, கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் மழை ஈரத்தால் பச்சைக் களிம்பும் ஏறியிருந்தது. கிளையை நீக்கி, களிம்பேறிய முனையை வெட்டிப் புதிதாக இணைத்தோம். அன்று மாலை வகுப்பு முழுவதையும் மகள் தடையின்றிக் கேட்டாள். கட்டணம் பழையதுதான்!

செம்புக் கம்பி இணைப்பு உள்ளவர்கள் இவ்வாறு சோதித்துப் பாருங்கள். வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் பெட்டியில் மற்றக் கிளைகளைக் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் மாட்டுங்கள். வேகம் கூடினால் குறை வீட்டுக் கம்பியில்தான்; கிளைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எதுவென்று அகப்பட்டுவிடும். வேகம் கூடாவிட்டால் வெளிக்கம்பியைப் பற்றியோ, தொலைபேசி நிலையத்தின் தூரத்தைப் பற்றியோ கேட்கலாம். மற்ற அறைகளுக்குத் தொலைபேசி தேவையெனில் ஸ்பிளிட்டருக்குப் பின்னரே கிளை பிரிய வேண்டும். மணி அடிக்கும்போது இக்கம்பியில் மின்னழுத்தம் உயரும்; ஈரக் கையோடும் இடி மின்னலின்போதும் தொடாதீர்கள்.

கண்ணாடி இழை இணைப்புக்கு மாறிய வீடுகளில் இந்தக் கிளைத் தொல்லை இல்லை. அங்கே இழையைக் கதவிடுக்கிலோ அலமாரிக்குப் பின்னாலோ கூர்மையாக மடங்க விடாதீர்கள்.